உருவ ஓவியம்: கல்லூரிப் படிப்போடு வேறு என்ன பயிற்சி வேண்டும்?

தூரிகைமுனை:
பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) மூன்றாம் ஆண்டு. புகைப்படம் பார்த்து வரைந்தால் சாயல் வருகிறது, ஆனால் முகம் தட்டையாக இருக்கிறது. ஆளை உட்கார வைத்தால் அளவு சிதறுகிறது, தோல் நிறம் சாம்பல் பூக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்? இதையே தொழிலாக்க என்ன செய்ய வேண்டும்?

கரித்துண்டு:
கொஞ்ச காலம் வண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் துணையோடு சார்ல்ஸ் பார்க் என்ற ஓவியர் 1866 முதல் 1871 வரை வெளியிட்ட, பார்த்து வரைந்து பழகும் அச்சுப் படங்கள் 197. வான்கோவே அவற்றைப் பிரதியெடுத்துப் பழகியவர். அவற்றில் பத்துப் படங்களை முழுதாக முடித்தால் போதும். அடுத்து பிளாஸ்டர் சிலை, கரியில். சிலையை ஒட்டியே தாளை நிறுத்தி, சிலையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளித் தரையில் சாக்பீஸ் குறி போடுங்கள். பார்ப்பது அந்த இடத்திலிருந்து மட்டும். நடந்து போய்க் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். தாளருகே நின்றபடியே ஒப்பிடுவதால்தான் அளவு சிதறுகிறது.

ஆள் என்றால் 20 நிமிடம் அமர்வு, 5 நிமிடம் ஓய்வு. பாதத்தையும் நாற்காலிக் கால்களையும் டேப்பால் குறித்துவிடுங்கள். நேர் வெயில் விழாமல் வெளிச்சம் சீராக இருக்க ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் வடக்கு ஜன்னல் சென்னைக்கு அப்படியே பொருந்தாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியனே வடக்கில் நிற்கும். வெயிலை மென்மையாக்க ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள்.

தூரிகைமுனை:
நன்றி. வீட்டில் பிளாஸ்டர் சிலை இல்லையே?

கரித்துண்டு:
மண் கொலு பொம்மைக்கு மேட் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். பளபளப்பு இருந்தால் நிழலைப் படிக்க முடியாது.

செங்காவி:
சாம்பலுக்குக் காரணம் வெள்ளை. மாநிறத்தை வெளிச்சமாக்க வெறும் வெள்ளையைக் குழைத்தால் சுண்ணாம்பு அடித்தது போலாகும். முதலில் எல்லோ ஆக்கரும் (மஞ்சள் காவி) சிவப்பும், பிறகே வெள்ளை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நான்கு நிறங்கள் (ஆக்கர், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு, வெள்ளை) பழக நல்லவை; நம் தோலுக்கு பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) அல்ட்ராமரைனும் (நீலம்) சேருங்கள். மூக்கு நுனிப் பளபளப்பு தோலின் நிறமல்ல, ஜன்னல் வெளிச்சத்தின் நிறம். பெரும்பாலும் நீலம் கலந்திருக்கும்.

எண்ணெய் வண்ணம் என்றால் அடிப்பூச்சில் டர்பன்டைன் கலந்து, மேலே போகப்போக லின்சீட் (ஆளி விதை) எண்ணெய். தலைகீழானால் அடிப்பூச்சு மெதுவாகக் காய்ந்து அசைய, மேலே இறுகியது வெடிக்கும்.

சட்டகம்:
பல பாணியில் முப்பதைவிட, ஒரே விஷயத்தைத் தொடரும் பத்துப் படங்களே கேலரியில் எடுபடும். பாதியாவது ஆளைப் பார்த்து வரைந்ததாக இருக்கட்டும். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் நண்பர்களோடு குழுக் கண்காட்சி வைத்துத் தொடங்கலாம்.

உருவப்பட ஆர்டருக்குப் பாதித் தொகை முன்பணம். அளவு, அமர்வுகள், திருத்தங்கள் எல்லாம் எழுத்தில். புகைப்படம்தான் என்றால் நீங்களே 2 மீட்டராவது தள்ளி நின்று, ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்; போனைக் கிட்டே பிடித்தால் மூக்கு பருத்து, காது பின்வாங்கும். முழு வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்; அதற்குள் கேட்டால் ரீடச் வார்னிஷ் (தற்காலிக மெல்லிய பூச்சு) போட்டுக் கொடுக்கலாம்.