சேமித்த பொருளைத் திரும்ப எடுத்தால் தொகை பூஜ்யமாகிறது – உதவி தேவை, அவசரம்

அச்சகத்தான் (இரவு 11.52)
வணக்கம். எங்கள் அச்சகத்துக்கு ஆர்டர் பதிவேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் தரவுத்தளத்தில் போட்டுவைத்து, கேட்டால் அப்படியே திருப்பித் தருகிற பொதுவான இடைமுகம் வேண்டும் என்று நானே ஒன்று செய்தேன். சேமி, எடு, நீக்கு, தேடு என்று நான்கே செயற்கூறுகள். சேமிக்கும்போது பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் நிரலை மூடித் திறந்தால் தொகை 0 என்று காட்டுகிறது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. வைகாசி முகூர்த்தங்களுக்கு அழைப்பிதழ் வேலை குவிந்து கிடக்கிறது. நேற்று 8,500 ரூபாய் ஆர்டருக்கு 3,000 முன்பணம் கொடுத்தவர் வந்து பாக்கி எவ்வளவு என்று கேட்டார். திரையில் கழித்தல் 3,000 என்று வந்தது. நாங்கள் அவருக்குத் தரவேண்டுமாம்! யாராவது சொல்லுங்கள்.

தேனி நிரலர்
எந்த மொழி? எந்தத் தரவுத்தளம்? ‘சேமி’, ‘எடு’ இரண்டையும் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கமிட் கண்ணாயிரம்
கமிட் (எழுதியதை நிலையாக்கும் கட்டளை) செய்யவில்லை. பைத்தான் மொழியும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் என்றால் எப்போதும் இதுதான். நீங்கள் கேட்காமலேயே அந்த நிரலகம் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிடும். கமிட் சொல்லாமல் இணைப்பை மூடினால் எழுதியது போய்விடும். ஒரு வரி சேருங்கள், சரியாகிவிடும்.

தேனி நிரலர்
கமிட் இல்லையென்றால் ஆர்டர் முழுதும் அல்லவா காணாமல் போகும்? தொகை மட்டும் எப்படிப் போகும்?

கமிட் கண்ணாயிரம்
எதற்கும் சேர்த்துப் பார்க்கட்டும். கெடுதல் ஒன்றும் இல்லை.

பி மரம்
இந்தக் கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ‘எந்தப் பொருளைக் கொடுத்தாலும்’ என்று தொடங்குகிற இடைமுகங்கள் எல்லாம் இப்படித்தான் முடியும். தம்பி, எஸ்கியூலைட்டில் நெடுவரிசைக்கு நீங்கள் எழுதும் வகை ஒரு பரிந்துரை மட்டுமே. முழு எண் என்று அறிவித்த இடத்தில் ‘8,500’ என்று காற்புள்ளியோடு கொடுத்தால் அதை உரையாகவே வைத்துக்கொள்ளும். திரும்ப எடுக்கும்போது எண்ணாக மாற்ற முடியாமல் உங்கள் நிரல் பிழையை விழுங்கிவிட்டு 0 தருகிறது. இதைத் தடுக்க 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து கண்டிப்பான அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஆவணத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் இருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஆழ்கடல்
தரவுத்தளக் கோப்பைப் பென்டிரைவில் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் கொண்டு போகிறீர்களா? டபிள்யூஏஎல் முறையில் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) இருந்தால் புதிதாக எழுதியது பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பில் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் பழைய நிலைதான் வரும்.

அச்சகத்தான் (மறுநாள் காலை 7.10)
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பைத்தான் 3.11, எஸ்கியூலைட், விண்டோஸ். பென்டிரைவ் இல்லை, ஒரே கணினிதான். கமிட் இருக்கிறது. தொகை எண்ணாகத்தான் போகிறது, காற்புள்ளி இல்லை. ஆர்டர் என்பது ஒரு டேட்டாகிளாஸ் (தரவை வைத்துக்கொள்ளும் பைத்தான் வகுப்பு): எண், பெயர், தொலைபேசி, தொகை, முன்பணம். ‘சேமி’ பண்புகளை வரிசையாக எடுத்து, நெடுவரிசைப் பெயர் சொல்லாமல் ஐந்து மதிப்புகளையும் ‘இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்’ கட்டளையால் அட்டவணையில் போடுகிறது. ‘எடு’ காலி ஆர்டர் ஒன்றை உருவாக்கி, தரவுத்தளம் தரும் நெடுவரிசைப் பெயர்களைக் கொண்டு செட்அட்டர் (பண்பின் பெயரைச் சரமாகக் கொடுத்து மதிப்பை வைக்கும் செயற்கூறு) மூலம் ஒவ்வொரு பண்பாக நிரப்புகிறது. எந்த வகுப்பு வந்தாலும் வேலை செய்யவேண்டும் என்பதால் இப்படி.

தேனி நிரலர்
இப்போதுதான் பேச ஏதோ கிடைத்திருக்கிறது. இரண்டு கேள்விகள். தரவுத்தளக் கோப்பை வேறொரு காட்சிக் கருவியில் திறந்தால் தொகை 8500 என்று இருக்கிறதா, 0 என்று இருக்கிறதா? எடுத்த பொருளின் பண்பு அகராதியை (சாவியாகப் பெயரும் அதற்குரிய மதிப்பும் கொண்ட பட்டியல்) முழுதாக அச்சிட்டால் என்ன வருகிறது?

அச்சகத்தான்
கருவியில் பார்த்தால் 8500 இருக்கிறது! ஆனால் அந்த ஆர்டரைத் திரையில் திறந்து எதையாவது திருத்திச் சேமித்தால் அங்கேயும் 0 ஆகிவிடுகிறது. அகராதி இது. பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்திருக்கிறேன்.

{'எண்': 412, 'பெயர்': '*', 'தொலைபேசி': '', 'தொகை': 0, 'முன்பணம்': 3000, 'தொலைபேசி': '*', 'தொகை': 8500}

தொலைபேசி எண்ணும் திரையில் வருவதில்லை. அது கையால் எழுதிய பதிவேட்டிலும் இருப்பதால் பெரிதாக நினைக்கவில்லை.

பி மரம்
ஓர் அகராதியில் ஒரே சாவி இரண்டு முறை வராது. இது பாலபாடம். இரண்டு அச்சீடுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறீர்கள். ஒழுங்காக நகலெடுக்கத் தெரியாதவருக்கு நாம் என்ன உதவி செய்வது?

அச்சகத்தான்
ஐயா, இருப்பதைத்தான் அப்படியே ஒட்டினேன்.

விருதை வாசகி
அவர் சரியாகவே ஒட்டியிருக்கிறார். தவறிய இரண்டு பெயர்களையும் பாருங்கள்: தொகை, தொலைபேசி. இரண்டுமே ‘தொ’வில் தொடங்குகின்றன. எண், பெயர், முன்பணம் மூன்றும் பிழைத்துவிட்டன.

‘தொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். த போட்டு ‘ொ’ என்ற ஒரே குறி, அதன் எண் 3018. அல்லது த போட்டு ஒற்றைக்கொம்பு 3014, பிறகு கால் 3006 என்று இரண்டு குறிகள். திரையில் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும்.

பைத்தான் மூலநிரலில் நீங்கள் எழுதும் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோடு முறைப்படி ஒருமுகப்படுத்திவிடும், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கிவிடும். நிரலில் எப்படித் தட்டச்சு செய்தாலும் அது 3018 ஆகிவிடுகிறது. செட்அட்டருக்குச் சரமாகக் கொடுக்கும் பெயரை அது தொடுவதே இல்லை, கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் நெடுவரிசைப் பெயர் கொம்பும் காலுமாக இருந்தால் உங்கள் பொருளில் இரண்டு ‘தொகை’ உண்டாகும். ஒன்றில் 8500, மற்றதில் தொடக்க மதிப்பான 0. நிரல் படிப்பது 0 இருக்கிற தொகையை. மறுபடி சேமிக்கும்போது அந்த 0 தான் வட்டுக்குப் போகிறது.

தரவுத்தளம் தரும் நெடுவரிசைப் பெயரின் நீளத்தைப் பாருங்கள். தொகை 4 என்று வந்தால் நான் சொன்னது தவறு. 5 என்று வந்தால் இதுதான்.

அட்டவணையை உருவாக்கும் கட்டளைகளை யார், எதில் தட்டச்சு செய்தது?

அச்சகத்தான்
தொகை 5. தொலைபேசி 9!! அட்டவணைக் கோப்பைச் சித்தப்பா மகன் அவனுடைய பழைய கணினியில் அடித்துக் கொடுத்தான். அது முக்கியம் என்று தோன்றவே இல்லை. எங்கள் தாத்தா ஈய எழுத்துக் கோத்த காலத்தில் கொம்பும் காலும் தனித்தனி அறையில்தான் கிடக்கும், இரண்டையும் எடுத்துக் கோக்க வேண்டும். அது கணினியிலும் தொடரும் என்று யார் கண்டது!

பி மரம்
நான் சொன்னதில் மாற்றம் இல்லை. ஒரே சாவி இரண்டு முறை வராது. இவை இரண்டு வெவ்வேறு சாவிகள்.

கமிட் கண்ணாயிரம்
இதற்குத்தான் மாறிப் பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள் என்று எல்லோரும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறோம். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் வரத்தான் செய்யும்.

விருதை வாசகி
நீங்கள் கமிட் என்றுதானே அடித்துக்கொண்டீர்கள்?

கூடல் நகர்
தமிழ்ப் பெயர் வைத்தது குற்றமா? பைத்தான் 3 வந்த 2008 முதலே இதற்கு அனுமதி உண்டு. பதிவேட்டை நாளை திருத்தப்போவது அவர் வீட்டார். அவர்களுக்குத் ‘தொகை’ என்றால் புரியும்.

கமிட் கண்ணாயிரம்
அனுமதி இருப்பதெல்லாம் செய்யத் தக்கது ஆகிவிடாது. ஆங்கிலத்தில் இருந்திருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஆழ்கடல்
பிரெஞ்சுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேல்குறி போட்ட அவர்களுடைய எழுத்துகளுக்கும் இதே இரட்டை வேடம் உண்டு. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பைப் பெயர் சொல்லித் திறக்க முடியாமல் நான் ஒரு நாள் முழுதும் விழித்திருக்கிறேன். பிழை மொழியில் இல்லை. வெளியிலிருந்து வரும் சரத்தை வாசலிலேயே நிறுத்தி ஒருமுகப்படுத்தாததில் இருக்கிறது.

கூடல் நகர்
அப்படிச் சொல்லுங்கள்.

தேனி நிரலர்
மொழிச் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், இடைமுகத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. அச்சகத்தாரே, முதலில் காப்பு நகல் எடுத்துக்கொண்டு அந்த இரண்டு நெடுவரிசைகளின் பெயரையும் மாற்றுங்கள். 2018இல் வந்த எஸ்கியூலைட் 3.25 பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் மாற்றலாம். எஸ்கியூலைட் பெயர்களை ஒருமுகப்படுத்தாது. அதனிடம் இவை இரண்டும் வேறு வேறு பெயர்கள், ஆகவே மாற்றம் நடக்கும்.

ஆனால் அதோடு விட்டால் நாளை வேறு உருவத்தில் வரும். நீங்கள் எழுதும்போது வரிசையை நம்புகிறீர்கள், படிக்கும்போது பெயரை நம்புகிறீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு வழிகாட்டிகள். யாராவது அட்டவணையில் தொகை, முன்பணம் நெடுவரிசைகளை இடம் மாற்றினால் முன்பணம் தொகையில் போய் உட்காரும், அப்போதும் பிழைச்செய்தி வராது. பண்புக்கும் நெடுவரிசைக்கும் உள்ள பொருத்தத்தை ஓரிடத்தில் எழுதி, இரண்டு வழிக்கும் அதையே பயன்படுத்துங்கள். நிரல் தொடங்கும்போது அட்டவணையின் நெடுவரிசைப் பட்டியலை வாங்கி வகுப்போடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் திறக்க மறுத்துவிடுங்கள். டேட்டாகிளாஸில் ஸ்லாட்ஸை (அறிவிக்காத பண்பைச் சேர்க்கவிடாத ஏற்பாடு) இயக்கியிருந்தால், பைத்தான் 3.10 முதல் அந்த வசதி உண்டு, தெரியாத பெயரில் செட்அட்டர் செய்த அந்த நொடியே பிழை எழுந்திருக்கும். முதல் நாளே மாட்டியிருப்பீர்கள்.

அடுத்து அந்த ‘இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்’. பெயரைப் பார்த்துத் திருத்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வரியை நீக்கிவிட்டுப் புதிதாகச் செருகுகிறது. இன்று ஒரே அட்டவணை, தெரியவில்லை. நாளை முன்பணத் தவணைகளைத் தனி அட்டவணைக்குக் கொண்டுபோய், இரண்டையும் இணைக்கும் அயற்சாவி போட்டு, தாய் வரி நீங்கினால் சேய் வரிகளும் நீங்கட்டும் என்று அமைத்தீர்கள் என்றால், வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்ததற்கு அவர் கட்டிய தவணைகள் எல்லாம் அழியும். எஸ்கியூலைட்டில் அயற்சாவிக் கட்டுப்பாடு வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வோர் இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும். அதனால் சோதனையில் தப்பி, யாரோ ஒரு நல்லவர் அதை இயக்கிய அன்று வெடிக்கும். எஸ்கியூலைட் 3.24 முதல், சாவி மோதினால் அந்த வரியையே திருத்தும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’ இருக்கிறது. அதற்கு மாறுங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. ஒரே ஆர்டரை இரண்டு சாளரங்களில் திறந்தால் உங்கள் ‘எடு’ ஒரே பொருளைத் தருகிறதா, இரண்டு தனிப் பொருள்களையா? இரண்டு என்றால் கடைசியாகச் சேமித்தவர் சொன்னதே சட்டம். கமிட்டையும் ‘சேமி’க்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஆர்டரும் ரசீதும் சேர்ந்து நிற்கவேண்டும், இல்லை சேர்ந்து விழவேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் அழைப்பவர்.

பி மரம்
ஐந்து நெடுவரிசைக்கு இடைமுகம் எதற்கு, அதற்கு இத்தனை பாதுகாப்பு எதற்கு? தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லிலேயே நேரடியாக எழுதினால் இருபது வரி. பெயர் தவறாக இருந்தால் அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று தரவுத்தளமே முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கும்.

தேனி நிரலர்
இந்த இழையில் நீங்கள் சொன்னவற்றில் இது உண்மை. ஐந்தோடு நிற்கும் என்றால் நானும் அதையே சொல்வேன்.

ஆழ்கடல்
எல்லாவற்றையும் ஜேசானாக (சாவியும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) ஒரே நெடுவரிசையில் போட்டுவிட்டால்?

விருதை வாசகி
ஜேசான் சாவிகளையும் யாரும் ஒருமுகப்படுத்தித் தருவதில்லை. இரண்டு தொகையும் அங்கேயும் வசதியாகக் குடியிருக்கும்.

அச்சகத்தான் (மூன்று நாள் கழித்து)
பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது. விருதை அக்காவுக்கு மிக்க நன்றி. 37 ஆர்டர்களின் தொகை ஏற்கெனவே 0 ஆகிவிட்டது. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து அப்பா ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நான் ஏற்றுகிறேன். முகூர்த்தம் முடியட்டும், மற்றதைப் பார்க்கிறேன்.

தேனி நிரலர்
ஸ்லாட்ஸ் போட்டீர்களா? ‘ரீப்ளேஸ்’?

தேனி நிரலர் (இரண்டு வாரம் கழித்து)
அச்சகத்தாரே?

புதுவரவு (ஆறு மாதம் கழித்து)
எனக்கும் இதே சிக்கல்தான் போலிருக்கிறது. ‘கௌரி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மேலே சொன்னபடி எல்லாச் சரங்களையும் ஒருமுகப்படுத்தி, என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் வரவில்லை.

விருதை வாசகி
வராத ஒரு பெயரின் நீளத்தைப் பாருங்கள். ‘கௌரி’ 4 வரவேண்டும்.

புதுவரவு
5 வருகிறது.

விருதை வாசகி
அது வேறு நோய். உங்கள் ஆட்கள் ‘ௌ’ குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே அடித்திருக்கிறார்கள்: ‘கெளரி’. யூனிகோடு இவை இரண்டையும் ஒன்றென்று ஒருபோதும் சொல்லாது, ஏனென்றால் ‘ள’ உண்மையான எழுத்து. எல்லா ‘ெள’வையும் கண்மூடி மாற்றிவிடாதீர்கள், ‘தெளிவு’ம் ‘வெள்ளை’யும் சேர்ந்து கெட்டுப்போகும். தனி இழை தொடங்குங்கள், எந்த மொழி, எந்தத் தரவுத்தளம் என்று முதலிலேயே எழுதுங்கள்.