ஃபிரெனல் ஸோன்: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களே, தொலைதூர வயர்லெஸ் இணைப்புகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ஃபிரெனல் ஸோனுக்கு, அதாவது இரு ஆன்டெனாக்களுக்கு இடையே நேர்க்கோட்டைச் சூழ்ந்து வானலை பரவிச் செல்லும் வெளிக்கு, சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> லைன் ஆஃப் சைட்டுக்குத்தான் ‘பார்வைக்கோடு’ இருக்கிறதே. ஃபிரெனல் ஸோனை ‘ஃபிரெனல் மண்டலம்’ என்று விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிடலாம்தான். ஆனால் தொல்லையே அந்தப் பார்வைக்கோட்டில்தான், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை தடையின்றித் தெரியும் நேர்க்கோட்டில்தான், தொடங்குகிறது. அதைப் படித்த புதிய ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர் தொலைநோக்கியை எடுக்கிறார். எதிர்முனை ஆன்டெனா பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இணைப்பு நிற்பதில்லை. நடுவழி மரங்களின் உச்சி கோட்டைத் தொடவில்லை. கோட்டைச் சூழ்ந்த வெளிக்குள் புகுந்திருக்கிறது. கோட்டுக்குப் பருமன் கிடையாது, வானலைக்கு உண்டு.

எவ்வளவு பருமன்? 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நட்டநடுவில் அந்த வெளியின் ஆரம் 17.7 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது சுமார் 10.6 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 5.8 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஆரம் 11.4 மீட்டராகச் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய உருவத்தைக் கோடு என்ற சொல் மறைத்துவிடுகிறது. ‘மண்டலம்’ என்றாலோ எனக்கு மண்டல அலுவலகம்தான் கண்முன் வருகிறது.

ஃபிரெனலின் பெயரைத் துரத்தச் சொல்லவில்லை. 1827இல் மறைந்த அந்தப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஒளியைத்தான் ஆராய்ந்தார்; வானலையை அறியவே மாட்டார். ஆனாலும் கணக்கு அவருடையது, சூத்திரத்தில் பெயர் இருக்கட்டும்.

> நூல் நூற்கும் கதிரைப் போன்ற வடிவம்தானே, ‘அலைக்கதிர்’ எனலாமா?

அழகான சொல், கைவிட மனமில்லை. இருமுனையும் கூம்பி, நூல் சுற்றி நடுவில் பருத்த கதிர். வடிவம் அச்சு அசல். ஆனால் இன்று கதிர் என்றால் ஒளிக்கதிரும் எக்ஸ் கதிரும்தான் நினைவுக்கு வரும். சுற்றிவளைத்து மறுபடி கோட்டுக்கே வந்துவிடுவோம்.

என் பரிந்துரை: ‘அலைவயிறு’. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு கோபுரத்தின் மேல் நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள்: “நடுவழியில் அலைவயிறு மரத்தில் இடிக்கிறது, ஆன்டெனாவை இன்னும் மூன்று மீட்டர் ஏற்று.” விளக்கம் கேட்காமலே ஏற்றுவார்.

பட்டியலின் இன்னொரு சொல்: அக்னாலெட்ஜ்மென்ட் டைம்அவுட், அதாவது ‘வந்துசேர்ந்தது’ என்ற பதிலுக்கு (ஏற்பு) அனுப்பிய கருவி காத்திருக்கும் கால வரம்பு. அதற்கு வந்த ‘ஏற்புக்கெடு’ எனக்குச் சம்மதம். 30 கிலோமீட்டருக்கு அலை போக 100 மைக்ரோநொடி, ஏற்பு திரும்பிவர இன்னொரு 100. கெடுவை அதற்கேற்ப நீட்டாவிட்டால், போய்ச் சேர்ந்த தரவுப் பொட்டலத்தையே கருவி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். இதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.