அலைரேகை மேப்பிள் பேஸ்: கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும்

வாசிப்பவர், சுங்கை சிப்புட்

கைமாறி ஊருக்கு வந்திருக்கும் ஐந்து தந்தி பேஸ் கிட்டார் இது. 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் (ஒலியை முதலில் பெருக்கும் சுற்று). முகப்பு முழுக்க அலைரேகை மேப்பிள். ஒரே பலகையைப் பிளந்து, புத்தகம் விரித்ததுபோல் நடுவில் ஒட்டியிருக்கிறார்கள்.

குழல் விளக்கின் கீழே அதன் அழகு பாதிதான் தெரியும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். காஞ்சிபுரப் பட்டின் மடிப்பு மாதிரி வரிகள் இடம் மாறும். மரத்தின் நார்கள் நெளிந்து வளர்ந்திருப்பதால் ஓர் இடத்தில் ஒளி திரும்பி வருகிறது, பக்கத்திலேயே உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. இடப்பாதி மின்னும்போது வலப்பாதி மங்குவதைக் குறை என்று நினைக்க வேண்டாம். புரட்டி ஒட்டியதில் நார்களின் சாய்வு எதிர்த்திசைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள். முகப்பு வரி விளிம்பில் மடங்கி 5, 6 மில்லிமீட்டர் இறங்கி ஒட்டுக்கோட்டில் நின்றால் அது பலகை. காகிதக் கனத்தில் முடிந்தால் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல். விளக்கை நகர்த்தியும் வரி அசையாவிட்டால் அச்சிட்ட படம். விளிம்பைப் பட்டை மறைத்திருந்தால் பிக்கப் திருகுகளைக் கழற்றிக் குழிக்குள் பார்க்கலாம்.

கோளாறு இதுதான்: வீட்டில் நன்றாக இருக்கும் 'பி' தந்தி (ஐந்தில் மிகத் தடித்தது) மேடையில் வெறும் உறுமலாகிவிடுகிறது. ஒரு பிக்கப்பைக் குறைத்தால் இரைச்சலும் வருகிறது.

பழுது பார்ப்பவர்

தம்பி, மர வரியையும் குரலையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அந்த மேப்பிள் கண்ணுக்கானது. நம் நியாத்தோ மரத்தில் செய்த விலை குறைந்த பேஸும் சரியாக அமைத்தால் நன்றாகவே பாடும். குமிழைத் தொடுமுன் தந்தியிலிருந்து தொடங்குங்கள்.

நம் ஊர் ஈரமும் கை வியர்வையும் நிக்கல் தந்தியைச் சீக்கிரம் கொன்றுவிடும். சுற்றுக்கம்பியின் இடுக்கில் அழுக்கு ஏறினால் மேல் ஒலிகள் முதலில் சாகும். அதன்பின் சுருதியும் நிற்காது. 45, 65, 85, 105, 130 செட் போடுங்கள் (தந்தித் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). தடித்த தந்தியைக் குறடால் 90 பாகை மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியும் சுற்றும் தனித்தனியே நழுவி, 'பி' செத்த ஒலி கொடுக்கும். முறுக்காணியில் இரண்டு, மூன்று சுற்று கீழ்நோக்கி இறங்கட்டும். மாட்டியபின் நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தாங்கும் கட்டை) முன்னாலும் சேடிலுக்கு (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) முன்னாலும் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். புதுத் தந்தி அங்கே வில்லாக வளைந்து நிற்கும். அந்த வளைவுதான் பலநேரம் 'பி' மங்கக் காரணம்.

அடுத்தது கழுத்து. முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கவ்வி, கடைசி ஃபிரெட்டில் விரல். எட்டாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். ஏர்கான் அறையிலிருந்து கோயில் திடலுக்கு எடுத்துப்போன கையோடு ராடைத் திருப்பவே கூடாது. மரம் இன்னும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். இன்று சரியென்று தெரிவது நாளை தவறும்.

தந்தி உயரம் 12ஆவது ஃபிரெட்டில்: 'பி' 2.75, மிக மெல்லிய 'ஜி' 2 மில்லிமீட்டர். பிறகு சுருதி நீளம். 12ஆவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அங்கேயே அழுத்தி மீட்டும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால்.

பிக்கப்பைக் கடைசியாகத் தொடுங்கள். கடைசி ஃபிரெட்டை அழுத்தியபடி, 'பி' பக்கம் 3, 'ஜி' பக்கம் 2 மில்லிமீட்டர். சத்தம் வேண்டும் என்று மேலே ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து ஆடும். அதைக் கழுத்துக் கோளாறு என்று எண்ணி ராடைத் திருப்புகிறவர்கள் நிறைய.

பேட்டரி: கேபிள் செருகியிருக்கும் வரைக்கும் பிரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். மீட்டரில் 7.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பலமாக மீட்டும்போது ஒலி கிழியும்.

மேடை ஒலிக்காரர்

அண்ணன் சொன்னதை முடித்த பிறகு எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.

'பி' தந்தியின் அடிப்படை 31 ஹெர்ட்ஸ். பத்து அங்குல ஸ்பீக்கர் பெட்டி அதைச் சரியாகத் தராது. நம் காது 62, 93இல் இருக்கும் மேல் ஒலிகளை வைத்துத்தான் சுரத்தை அறிகிறது. அதனால் பேஸ் குமிழை ஏற்ற ஏற்ற ஆம்ப் மூச்சுத் திணறும், கூம்பு வீணாய் ஆடும், சுரம் தெளியாது. தோட்டத்து மண்டபம் என்றால் துத்தநாகக் கூரை, சிமெண்டுத் தரை. 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் தானாகவே வீங்கும். உறுமி மேளம் சேர்ந்தால் அதன் இழுப்பும் அந்தப் பக்கமே வந்து உட்காரும். பேஸ் அங்கே போட்டி போடக் கூடாது.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 250இல் 3 டெசிபெல் குறையுங்கள். 800இல் 2, 3 ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல இருக்கும், பயப்பட வேண்டாம். தபேலாவும் கீபோர்டும் சேர்ந்ததும் அதுதான் சுரத்தை வெளியே கொண்டுவரும். எண்பதுகளின் திரைப்பாட்டு பேஸ் வரிகளை, ஒவ்வொரு சுரமும் நடந்துபோகும் அந்த வரிகளை, இப்படி வைத்தால்தான் பின்வரிசை வரை கேட்க முடியும். விரல் சொடுக்கு உறுத்தினால் 2.5 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் இறக்கலாம்.

இரைச்சல் பற்றி. பொதுவாக ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் திறந்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். எனவே இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்து, கை இருக்கும் இடத்தால் குரலை மாற்றுங்கள்: பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கம், கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டை. இரண்டும் முழுதாகத் திறந்தும் இரைந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். பேஸின் ஒலியை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பெட்டியில் எர்த் துண்டிக்கும் பொத்தானை அழுத்தலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடும் ஈர மேடையில் அது உயிர் போகிற விஷயம்.

வாசிப்பவர், சுங்கை சிப்புட்

அண்ணன்மார்களே, செய்து பார்த்தாயிற்று. முன்பு பேஸ் குமிழ் முக்கால், மிட் கால் என்று இருந்தது. இப்போது பேஸ் நடுவில், 800 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் ஏற்றம், பிக்கப் இரண்டும் முழுசு. கழுத்து 0.5இல் இருந்து 0.3க்கு வர இரண்டு முறை எட்டில் ஒரு பங்கு திருப்ப வேண்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதுமே 'பி' விழித்துக்கொண்டது.

இன்னொன்று: இந்த முகப்பு எண்ணெய் பூசியது, வார்னிஷ் இல்லை. பெட்டிக்குள் பூஞ்சணம் வெள்ளையாய்ப் படியத் தொடங்கியிருந்தது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பை இரண்டும் ஈரமானி ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். 55 விழுக்காட்டைத் தாண்டினால் பைகளை மாற்றுகிறேன்.