தஞ்சோங் பகார் நிலைய முகப்பில் எஃப், எம், எஸ், ஆர் ஏன்?

தீமாநடையன்:
வணக்கம். மாணவர் குழு ஒன்றை ரயில் காரிடார் (பழைய ரயில் பாதை இருந்த நடைவழி) வழியே அழைத்துப்போக வேண்டும். கெப்பல் ரோட்டுப் பழைய நிலையத்தின் முகப்பில் நான்கு சிலைகள், நான்கு எழுத்துகள். சிங்கப்பூர்க் கட்டடத்தில் எஃப்எம்எஸ்ஆர் எதற்கு? அந்நாளில் அங்கே ரயில் ஏறினால் சிங்கப்பூரை விட்டுக் கிளம்புமுன்பே மலேசியாவுக்குள் நுழைந்தாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

கடைசிப்பெட்டி:
அது ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வே, அதாவது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த மலாய் மாநிலங்கள் நான்கின் கூட்டமைப்பு நடத்திய ரயில்வே. கட்டியவர்களும் சொந்தக்காரர்களும் அவர்கள்தான். 1918 சட்டம் ஒன்றின்படி நிலம் 999 ஆண்டுக் குத்தகை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கட்டடம் தானே புரியும். முகப்பின் வெள்ளைப் பளிங்குச் சிலைகள் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். உள்ளே, ஏறத்தாழ 22 மீட்டர் உயர வளைகூரையின் கீழ், சுவரோவியங்களில் நெல் நடவு, ரப்பர் பால்வெட்டு, ஈயச் சுரங்கம், கொப்பரை, மாட்டுவண்டி, கப்பல். அத்தனையும் மலாயா ஈட்டிய பணம். சிங்கப்பூர் அதற்கு ஒரு துறைமுகம், அவ்வளவே.

1903இல் வந்த பழைய பாதை டேங்க் ரோட்டில், ஊருக்குள் முடிந்தது. சாலையை ரயில் குறுக்கே கடக்கும் இடங்களில் வண்டிகள் காத்துக் கிடந்தன. அதனால் புக்கிட் தீமாவிலிருந்து பாதையைத் திருப்பித் துறைமுகத்தோரம் கொண்டுவந்து, 1932 மே மாதம் இதைத் திறந்தார்கள். வடிவமைப்பு ஸ்வான் அண்ட் மெக்லாரன் என்ற கட்டடக்கலை நிறுவனம். முகப்பு ஆர்ட் டெக்கோ, அக்காலத்து நவீன அலங்காரப் பாணி. அதை மட்டும் படம்பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிதான் பார்த்தார்கள் என்பேன்.

முத்திரை:
குடிநுழைவுக் கதை உண்மைதான். 1998 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூர்ச் சோதனை வடக்கு எல்லையிலுள்ள உட்லண்ட்ஸுக்குப் போனது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே நின்றது. வடக்கே போகிறவர் முதலில் மலேசிய நுழைவை முடித்து ரயிலேறுவார், பிறகு உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரிலிருந்து வெளியேறுவார். கடப்பிதழில் மலேசிய முத்திரை குத்தமாட்டார்கள், பயண அட்டையில்தான் குறிப்பு. பிறகு விமானத்தில் மலேசியாவை விட்டுக் கிளம்பும்போது “நுழைந்த முத்திரை எங்கே?” என்று கேட்டால் காட்ட ரயில் டிக்கெட்டைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. ரயில்வே நிலம் பற்றிய 1990 உடன்பாட்டின் விளக்கத்தில் இரு அரசுகளும் முரண்பட்டதே இந்தக் குளறுபடிக்கு வேர். அந்தத் தகராறு 2010இல் முடிவாகி, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதற்கு முன், அந்த ஏப்ரலிலேயே, நிலையம் தேசிய நினைவுச்சின்னம் ஆகிவிட்டது.

கடைசிப்பெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. மாணவர்களுக்குப் புக்கிட் தீமா நிலையத்தைக் கட்டாயம் காட்டுங்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடை தூரம்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் காத்தது அங்கே கைமாறிய டோக்கன், அதாவது ஓட்டுநருக்கான அனுமதிச் சின்னம். ஒவ்வொரு தண்டவாளப் பகுதியின் இரு முனையிலும் மின்கம்பியால் இணைந்த கருவிகள். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை மற்றொன்றைக் கருவி விடாது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் நகரக்கூடாது. வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள், ஓடும் ரயிலிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.

தஞ்சோங் பகாரில் எம்ஆர்டியின் வட்டப் பாதையில் (சர்க்கிள் லைன்) வரும் கேன்டன்மென்ட் நிலையத்தை அடியில் தோண்டுவதற்காகப் பழைய நடைமேடையின் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்தார்கள். ஆகவே உள்ளே விடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள்.