‘டிராக்நெட்’ உண்மையைச் சொன்னதா, காவல்துறைக்காகப் பேசியதா?

அலைவரிசை எழுதியது:

அமெரிக்க வானொலியின் பொற்காலத்தில் வந்த துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘டிராக்நெட்’டை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. 1949 ஜூன் 3 அன்று என்.பி.சி. வானொலியில் தொடங்கிய அந்தத் தொடரை நானும் விரும்பிக் கேட்பவன்தான். ஆயினும், கேட்கவிருக்கும் கதை உண்மையானது என்றும், குற்றமற்றோரைக் காக்கும் பொருட்டுப் பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன என்றும் அது வாரந்தோறும் செய்த அறிவிப்பை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. வழக்குக் கோப்புகளைக் கொடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை. எழுதி முடித்த பிரதியைப் பார்த்து ஒப்புதல் அளித்ததும் அதே துறை. தன்னைப் பற்றிய கதையில் எது இடம்பெறலாம் என்பதைத் தானே முடிவு செய்யும் ஒரு துறையைப் பற்றி அந்தக் கதை எவ்வளவு உண்மையைச் சொல்லிவிட முடியும்?

தொடர் தொடங்கிய அதே கோடையில், விபசார விடுதி நடத்திய பிரெண்டா ஆலனிடம் காவலர்கள் கையூட்டு வாங்கிய விவகாரம் அந்த நகரையே உலுக்கிக்கொண்டிருந்தது. காவல்துறைத் தலைவர் ஹோரல் பதவி விலக நேர்ந்தது. தொடரின் நாயகன் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடே பணியாற்றிய லாஸ் ஏஞ்சலஸோ அப்பழுக்கற்ற காவலர்களின் நகரம்.

மேகலா எழுதியது:

அலைவரிசை அவர்கள் தரும் செய்திகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவையே மறுக்கிறேன். ‘டிராக்நெட்’டுக்கு முந்தைய வானொலியில் துப்பறிவதென்றால் பெரும்பாலும் தனியார் துப்பறிவாளரின் சாமர்த்தியமாகவே இருந்தது, காவலர்கள் பல தொடர்களில் கடைசியில் வந்து விலங்கு மாட்டுபவர்களாக மட்டுமே வந்து போனார்கள். 1948இல் ஒரு திரைப்படத்தில் தடயவியல் ஆய்வாளராகச் சிறு வேடம் ஏற்றார், பின்னாளில் ‘டிராக்நெட்’டை உருவாக்கி ஃப்ரைடேயாக நடித்த ஜேக் வெப். அங்கே ஆலோசகராக இருந்த காவலர் மார்ட்டி வின்னிடம் பேசியதிலிருந்துதான் இந்தத் தொடரே பிறந்தது. உண்மையான காவல் பணியை யாருமே காட்டுவதில்லை என்பதே வின்னின் குறை. அதன்பின் வெப் அவருடன் ரோந்து வண்டியில் சுற்றி, காவலர்கள் பேசும் விதத்தைக் காதால் கேட்டுக் கற்றார்.

அந்தக் கவனம் ஒலியில் தெரிகிறது. தலைமையகத்தில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல எத்தனை அடி வைக்க வேண்டுமோ, அத்தனை காலடிகளையே ஒலிக்கலைஞர்கள் வைத்தார்கள். நடிகர்களிடம் வெப் நடிப்பைக் கேட்கவில்லை, பேச்சைக் கேட்டார். 1949 டிசம்பர் 22 அன்று ஒலிபரப்பான அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணாமற்போன இரண்டு சிறுவர்களைத் தேடிப் புறப்படுகிறார்கள் ஃப்ரைடேயும் அவருடைய கூட்டாளி பென் ரொமேரோவும். கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி வைத்திருந்த துப்பாக்கியை ஒரு சிறுவன் நாள் வருமுன்பே எடுத்துவிட, அதைப் பிடித்துக்கொண்டு ஓடிய அவன் நண்பன் தடுக்கி விழுந்து, குண்டு பாய்ந்து இறந்துவிட்டான் என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. பிடிக்கக் குற்றவாளி இல்லை. மெச்சிக்கொள்ள வெற்றியும் இல்லை. மகனை இழந்த தந்தை, அவனுக்காக வாங்கிய பரிசுப் பொருட்களைத் துப்பாக்கியை எடுத்த அந்தச் சிறுவனுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். பண்டிகை வாரத்தில் ஒரு வணிக வானொலி இப்படியொரு கதையைத் துணிந்து ஒலிபரப்பியது. இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

அலைவரிசை எழுதியது:

அந்த அத்தியாயத்தின் சிறப்பை நான் ஒருபோதும் மறுக்கமாட்டேன். ஆனால், காலடிகளை எண்ணி வைத்தவர்கள் எதை எண்ணாமல் விட்டார்கள் என்பதே என் கேள்வி. வெப் இதற்கு முன் நடித்த ‘பேட் நோவாக்’ தொடரில், சான் பிரான்சிஸ்கோ காவல் ஆய்வாளர் ஹெல்மன் ஆளைப் பிடித்து உதைக்கத் தயங்காதவர். ரேமண்ட் பர் அந்த வேடத்தை மிரட்டும் குரலில் பேசினார். முரட்டுக் காவலரை வானொலியில் காட்டலாம் என்பதை வெப் நன்கு அறிந்திருந்தார். ‘டிராக்நெட்’டில் அந்தக் குரல் மறைந்துபோனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1951 டிசம்பர் 25 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் தம் காவலில் இருந்த ஏழு இளைஞர்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள்; அவர்களில் ஐவர் மெக்சிக வழிவந்தவர்கள். பின்னர் எட்டுக் காவலர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டு, ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. அச்சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 27 அன்று, ‘டிராக்நெட்’ ரொமேரோவின் மரணத்தை ஒலிபரப்பியது. அவ்வேடத்தை ஏற்ற பார்ட்டன் யார்பரோ அதே மாதத்தில் உண்மையிலேயே இறந்திருந்தார். கேட்பவர் நெஞ்சை உருக்கும் அத்தியாயம் அது. ஆனால் அந்த ஏழு பேருக்காக உருகுமாறு இந்தத் தொடர் தன் கேட்போரிடம் கேட்டதாக எனக்குத் தெரிந்த எந்த அத்தியாயமும் இல்லை.

செவிவழி எழுதியது:

இருவரும் 1949இலேயே நிற்கிறீர்கள். இந்த ஏற்பாடு அதற்கும் மூத்தது. 1933 முதல் 1939 வரை ரியோ கிராண்டே எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் வந்த ‘காலிங் ஆல் கார்ஸ்’ தொடரில், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸே வந்து கதைகளை அறிமுகப்படுத்தினார். குற்றம் ஒருபோதும் பலன் தராது என்பதே அதன் போதனை. 1938இல் நகர நிர்வாகத்தின் ஊழலைத் துருவிக்கொண்டிருந்த முன்னாள் காவலர் ஹாரி ரேமண்டின் காரில் குண்டு வெடித்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் டேவிஸின் கீழிருந்த காவல் கேப்டன் ஏர்ல் கைனெட். டேவிஸ் அதே ஆண்டு பதவி இழந்தார். இதோடு ஒப்பிட்டால் ‘டிராக்நெட்’ எவ்வளவோ நாகரிகமானது.

என் மனம் போவதோ நியூயார்க்கைக் களமாகக் கொண்ட ‘பிராட்வே இஸ் மை பீட்’ பக்கம். மார்ட்டன் ஃபைனும் டேவிட் ஃப்ரீட்கினும் எழுதி, எலியட் லூயிஸ் இயக்கிய அத்தொடரில், லாரி தோர் பேசிய டானி க்ளோவர் கொலையாளியைப் பிடித்த பிறகும் நிம்மதி அடைவதில்லை. சில இடங்களில் வசனம் அளவுக்கு மீறிக் கவிதையாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் தெருவின் இரைச்சலும் நடுவே தனித்து நிற்கும் மனிதரும் அதில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்பதில்லை.

மேகலா எழுதியது:

செவிவழி அவர்கள் சொன்ன தொடரே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. அத்தொடர் ‘டிராக்நெட்’டைப் போலக் கோப்புகளை வாங்கிக் கட்டிய கதையன்று, முழுக்க எழுத்தாளர்களின் கற்பனை. 1950இல் புரூக்ளினில் சூதாட்டத் தரகர் ஹாரி கிராஸிடம் காவலர்கள் கையூட்டு வாங்கியது அம்பலமாகி, நியூயார்க் காவல் ஆணையரே பதவி விலகினார். க்ளோவரின் குரலில் அந்த விவகாரத்தின் நிழலை நான் கேட்ட எந்த அத்தியாயத்திலும் கண்டதில்லை. ஆகவே, இந்த மௌனத்தை முத்திரையிட்ட ஒப்புதலின் தலையில் மட்டும் கட்டுவது எப்படிச் சரியாகும்? சிகரெட் விற்கும் விளம்பரதாரரும், குடும்பங்கள் வீட்டுக்கூடத்தில் அமர்ந்து கேட்கிறார்கள் என்று அஞ்சிய வானொலி நிறுவனமும் அன்றைக்குப் பல தொடர்களுக்கு மேலே இருந்தார்கள். அந்த எல்லைக்குள் நின்று, போதைப்பழக்கத்தையும் குழந்தைகள் மீதான குற்றங்களையும் மிகைப்படுத்தாமல் பேசியது ‘டிராக்நெட்’.

அலைவரிசை எழுதியது:

மேகலா அவர்கள் காட்டும் ஒற்றுமை சரியானதே. அதில் ஒரு வேறுபாடு விடுபட்டிருக்கிறது. டானி க்ளோவர் தம் கதைகளை உண்மை என்று என்னிடம் சொல்லவில்லை. கற்பனை என்று தெரிந்தே கேட்கிறேன். ‘டிராக்நெட்’ அத்தியாயமோ, முடிவில் நீதிமன்றத் தீர்ப்பையும் தண்டனையையும் அறிவிப்பாளர் குரலில் படித்துக்காட்டி, ஆவணத்துக்குரிய நம்பிக்கையைக் கோருகிறது. விளம்பரதாரரின் அச்சம் இரண்டு தொடர்களுக்கும் பொது என்று வைத்துக்கொண்டாலும், பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன என்று சொன்ன தொடர் ஒன்றுதான். எந்தக் கோப்புகள் தரப்படவில்லை என்பதையும் அது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது மிகையென்றால், அந்த ஒரு வரியையாவது அது சொல்லாமல் இருந்திருக்கலாம்.