ஏப்ரலில் கணவாய் ஏற்றம்: காலை 8 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

நடைப்பிரியன்:
ஏப்ரல் நடுவில் நாங்கள் 4 பேர் ஒரு கணவாயைக் கடக்கப் போகிறோம். கடைசி ஏற்றம் கிழக்குப் பார்த்த, பனி மூடிய சரிவு, வரைபடத்தில் அளந்தால் 35 டிகிரி வருகிறது. முகாமிலிருந்து 8 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்கு மேலே போய்விடலாம். குளிர்காலம் முடிந்து பனி நன்றாக இறுகியிருக்கும், பயம் வேண்டாம் என்கிறார் குழுவில் மூத்தவர். நம்பலாமா?

வெண்முகடு:
தயவுசெய்து 8 மணிக்குக் கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் கணவாயின் மேல் நிற்க வேண்டும்.

மூத்தவர் சொல்வது விடியற்காலைக்கு மட்டும் பொருந்தும். வசந்தத்தில் பனி இரவில் உறைந்து பகலில் இளகும். வெயில் ஏற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கி, பனித்துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பைக் கரைத்துவிடும். அப்போது பனி மொத்தமாகச் சரிந்து ஓடலாம், அதுதான் பனிச்சரிவு. வடகோளத்தில் வெயில் முதலில் விழுவது கிழக்குச் சரிவில்தான். அப்புறம் தெற்கு, பிற்பகலில் மேற்கு. உங்கள் திட்டப்படி சரிவு நன்றாகச் சூடேறிய பிறகு அதன் நடுவில் இருப்பீர்கள். அதுவும் 35 டிகிரி! பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புவது 30 முதல் 45 டிகிரிக்குள்தான்.

நான் முதலில் பார்ப்பது முந்தைய இரவின் வானத்தை. தெளிந்த வானம் என்றால் பனியின் வெப்பம் வெளியேறி, காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையக்கூடும். மேகம் மூடிய இரவில் சரியாக உறையாது. மழை பெய்தால் இன்னும் மோசம். கிளம்பியதும் பூட்ஸை அழுத்தி மிதித்துப் பாருங்கள். மெல்லிய ஓடு உடைந்து கணுக்கால் வரை புதைந்தால் அன்று ஏற வேண்டாம். பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால் உடனே சரிவை விட்டு விலகுங்கள்.

நடைப்பிரியன்:
நன்றி அண்ணா. எல்லோரிடமும் பீக்கன் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), மண்வாரி இருக்கின்றன. அது ஓரளவு காப்பாற்றாதா?

குளிர்நிலா:
புதைந்தவரைத் தேட உதவும், புதைவதைத் தடுக்காது. முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். ஈரப்பனியோ நின்றதும் சிமெண்டு போல இறுகிவிடும், தோண்டுவதே பெரும்பாடு. அதனால் செங்குத்தான பகுதியை ஒவ்வொருவராகக் கடந்து போங்கள், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்க்கட்டும். முகட்டில் காற்று சேர்த்த பனி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலில் தளர்ந்து அது விழுந்தால் கீழே உள்ள சரிவையே கிளப்பிவிடும்.

வெண்முகடு:
முகாம் எங்கே போடுகிறீர்கள்?

நடைப்பிரியன்:
சரிவின் அடியில், ஓடை வெளியே வரும் இடத்தில் நல்ல சமதளம் இருக்கிறது.

வெண்முகடு:
அங்கே வேண்டாம் தம்பி. மேலே கிளம்பும் பனி ஓடைப் பள்ளத்தில் குவிந்து அந்தச் சமதளத்தில்தான் வந்து விழும். நீங்கள் தூங்கும்போதுகூட வரலாம். காட்டின் நடுவே மரமே இல்லாத பட்டை ஒன்று இறங்கினால் அதுவும் பனி ஓடிய பாதைதான், அதையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் பள்ளத்தை விட்டு உயர்ந்த, மேலே செங்குத்துச் சரிவு இல்லாத மேடாகப் பார்த்துக் கூடாரம் அடியுங்கள். தலைவிளக்குடன் 4 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்குக் கணவாயில் இருப்பீர்கள். இரவு முழுக்க மேகம் இருந்தால் அன்று முகாமிலேயே இருங்கள். உணவு ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.