பழைய மினியேச்சர் பெயிண்டை உரிக்க டெட்டாலா, ஆல்கஹாலா?

பகடைப்பித்தன்:
ஒரு டப்பா நிறைய பழைய வார்ஹாமர் (மேசை மேல ஆடற போர் விளையாட்டு) உருவங்கள் கைமாறி வந்திருக்கு. பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக், ரெசினும் (அச்சுல ஊத்தி இறுக வைக்கற பிசின்) இருக்குன்னு சந்தேகம். முன்னாடி வச்சிருந்தவர் பெயிண்டை அப்பி அப்பி முகமே தெரியலை. எதுல ஊறப்போடலாம்?

தகரவீரன்:
டெட்டால். தண்ணி கலக்காம மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, ஒரு ராத்திரி ஊறவிட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. அக்ரிலிக் பெயிண்ட் தோலா உரிஞ்சு வரும். இங்கிலாந்துக்காரங்க ரொம்ப காலமா செய்யறதுதான். மருந்துக் கடை, மளிகைக் கடை எங்கயும் கிடைக்கும்.

தூரிகை:
அதோட அடுத்த பாகத்தை ஏன் சார் மறைக்கறீங்க? ஊறினதை நேரா குழாய்ல காட்டினா பெயிண்ட் தார் மாதிரி பிசுபிசுத்து உருவத்துலயும் பிரஷ்லயும் அப்பிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல இந்தத் தொல்லையே இல்லை. 99 சதவீதம் வாங்குங்க ப்ரோ, சானிடைசர் வேலைக்கு ஆகாது.

தகரவீரன்:
அது அவசரக்காரங்க பிரச்சினை. முதல்ல புது டெட்டால்லயே அலசணும், அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பு, கடைசியிலதான் தண்ணி. முன்னாடியே தண்ணி பட்டா டெட்டால் வெள்ளையா கலங்கிப் பிரிஞ்சுடும், இளகின பெயிண்ட் திரும்ப ஒட்டிக்கும். சட்டுனு தீப்பிடிக்கற ஆல்கஹாலை வீட்டுல திறந்து வைக்கறதை விட இது மேல்.

தூரிகை:
மூடின ஜாடி, திறந்த ஜன்னல், பக்கத்துல அடுப்பு கூடாது. அவ்வளவுதானே? அல்ட்ராசோனிக் கிளீனர் (ஒலி அதிர்வால அழுக்கெடுக்கற தொட்டி) வச்சிருக்கறவங்க மட்டும் ஆல்கஹாலை நேரா தொட்டியில ஊத்தாதீங்க, ஆவி பத்திக்கும். வெடிச்சா யாரும் பொறுப்பில்லை. தகரவீரன் சார், உங்க டெட்டால்ல இருக்கற குளோரோசைலினால் பூனைக்கு விஷம். அதையும் சொல்லிடுங்க.

தகரவீரன்:
பூனை வளர்க்கறாரான்னு அவர்தான் சொல்லணும்.

ஈயக்காலாள்:
ரெண்டு பேரும் திரவத்தைப் பத்தியே சண்டை போடறீங்க, பொருளை யாரும் கேக்கலை. உலோகமா இருந்தா அசிட்டோன்தான். டெட்டால் ஒரு ராத்திரி எடுக்கற வேலையை சீக்கிரமே முடிச்சிடும், பழைய எனாமல் (எண்ணெய் வகை) பெயிண்டையும் இளக்கும், சூப்பர் க்ளூ ஒட்டையும் விடுவிக்கும். ஆல்கஹால் எனாமல்கிட்ட பெரும்பாலும் தோத்துடும். ஆனா அதே அசிட்டோன்ல பிளாஸ்டிக்கைப் போட்டா, அது பாலிஸ்டைரீன்ங்கறதால கரைஞ்சு கூழாயிடும். நெயில் பாலிஷ் ரிமூவர்லயும் பல வகையில அசிட்டோன் இருக்கு, லேபிளைப் படிங்க. பிரேக் ஆயில்ல ஊறப்போடுங்கன்னு யாராவது வந்தா விரட்டுங்க.

பழஞ்சேகரம்:
ஏன் உரிக்கணும்னு யாருமே கேக்கலையே? 80கள்ல அடிச்ச பெயிண்ட் அந்த உருவத்தோட வரலாறு. உரிச்சா திரும்பாது. இன்னொண்ணு, 90களின் நடு வரைக்கும் வந்த உலோக உருவங்கள்ல ஈயம் கலந்திருக்கும். 1993-ல நியூயார்க்ல ஈயத்துக்கு எதிரா சட்டம் வரும்னு பேச்சு கிளம்பினப்பதான் ரால் பார்த்தாங்கற அமெரிக்க உருவக் கம்பெனி ஈயமில்லாத கலவைக்கு மாறினாங்க. பழைய உருவத்துல இருக்கற ஈயத்துக்குப் பெயிண்டுதான் உறை. அதை உரிச்சு வெறும் ஈயத்தைக் கையால தடவறதுல என்ன லாபம்?

தூரிகை:
முகமே தெரியாத அளவுக்கு அப்பினது வரலாறு இல்லை ஐயா, அலட்சியம். ஈயத்துக்குக் கையுறை போட்டு ஈரமா தேய்ச்சா தூசி பறக்காது. முடிஞ்சதும் கை கழுவி, காய்ஞ்ச உடனே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தின அடிப்பூச்சு) அடிச்சுட்டா புது உறை வந்தாச்சு. உப்புத்தாளால தேய்க்கறதுதான் ஆபத்து.

பழஞ்சேகரம்:
அப்ப நல்லா வரைஞ்சதையாவது தனியா எடுத்து வைங்க. அதை உரிச்சா என் சாபம்.

பகடைப்பித்தன்:
பூனை இருக்கு, அதனால டெட்டால் வேணாம். நல்லா வரைஞ்ச ரெண்டு பேரைத் தனியா வச்சிட்டேன். ரெசின் எது, பிளாஸ்டிக் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஈயக்காலாள்:
கனத்தா உலோகம். மத்ததை அடிப்பக்கம், பார்வைக்குத் தெரியாத இடத்துல கத்தியால லேசா சீவுங்க. சுருளா வந்தா பிளாஸ்டிக், தூளா உதிர்ந்தா ரெசின். தூளை மூச்சுல இழுத்துடாதீங்க. வார்ஹாமர் உருவங்களை விக்கற சிட்டாடல் பிராண்டுல ரெசின்னா அநேகமா 2011-ல வந்த ஃபைன்காஸ்ட் வகை. அதை ஆல்கஹால்ல ராத்திரி முழுக்க விடாதீங்க, இளகிடும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்துத் தேய்ங்க, மறுபடி போடுங்க. இடுக்குல பிரைமர் ஒட்டியிருந்தா அப்படியே விட்டுடுங்க, அது மேல புதுசா அடிச்சுக்கலாம்.

தகரவீரன்:
பூனையை ஒரு நாள் பக்கத்து வீட்டுல விட்டா டெட்டாலே போதும்னுதான் இன்னமும் சொல்றேன்.